கொல்லையில் எடுத்த மண்

மார்ச் 14, வெள்ளி

இது நிறைமதி கொடுத்த டைரி. திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிற என் மகள் போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கையில் திணித்துவிட்டுப் போனாள். "அப்பா, தெனமும் போன் பண்ணி என்கிட்டப் பொலம்புறத இதுல எழுதுங்க. எனக்குப் பரீட்சை வருது" என்றாள். நான் எங்கே புலம்பினேன்? வெயில் ஜாஸ்தி என்றேன். மாடு சரியாகத் தின்பதில்லை என்றேன். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டேன். இதெல்லாம் புலம்பலா?

ஆகவே இதில் வயல் வேலையை மட்டும் எழுதுவதாக இருக்கிறேன். என் பெயர் தனவேல். பெரம்பலூருக்குத் தெற்கே கிணற்று மேட்டில் ஒன்றே முக்கால் ஏக்கர் கரிசல். வயலை ஒட்டி வீடு. வீட்டுக்குப் பின்னால் கொல்லை. கறவை மாடு ஒன்று. மனைவி இளஞ்சியம் அவள் அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறாள்.

இன்று வரப்பு வெட்டினேன். ரசம் சுமார்.

மார்ச் 17, திங்கள்

வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வெடிப்பில் என் கை முழங்கை வரை போகிறது. கோடை மழை ஒன்று விழுந்தால் உழுது போடலாம்.

இளஞ்சியம் போனது தை மாதம், அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்கு. காதுகுத்து ஒரு நாள் விசேஷம். இத்தனை நாளில் குழந்தைக்குப் புண் ஆறித் தோடே மாற்றியிருப்பார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

நிறைமதி போன் செய்தாள். "அம்மா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்கப்பா. ஆடியில அந்த வயல்ல என்ன போடப்போறீங்களாம்?"

"வெங்காயம்னு சொல்லு."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

 பிறகு பரீட்சை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விஷயத்தை எழுதிவிடுகிறேன். போன வருஷம் அந்த வயலில் சின்ன வெங்காயம் நட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம் செம்மண் காட்டில் எல்லோரும் வெங்காயம் போட்டுப் பணத்தைக் கட்டுக்கட்டாக அள்ளுகிறார்கள், நமக்கென்ன குறை என்று நட்டேன். இளஞ்சியம் முதலிலேயே சொன்னாள்: "இந்த மண்ணுல வெங்காயம் வேணாங்க. மழை வந்தா தண்ணி வடியாது, வேரு மூச்சு முட்டிப் போயிரும்." நான் கேட்கவில்லை. கார்த்திகையில் ஒன்பது நாள் மழை. பிடுங்கினால் விரலெல்லாம் கூழ். ஒன்றுகூடத் தேறவில்லை. அதற்குப் பிறகு ஒரு பேச்சு வந்தது. அது இங்கே தேவையில்லை.

மழைதான் காரணம். அதை நிரூபிக்காமல் நான் விடுவதாக இல்லை.

ஏப்ரல் 2, புதன்

ஊர் மந்தையில் வேளாண்மை அலுவலகத்திலிருந்து கூட்டம் போட்டார்கள். யாழினி என்று ஒரு அலுவலர். என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம், பேச்சு மட்டும் வெடிவெடியாக வந்தது. "பயிரு எதுன்னு முடிவு பண்ணிட்டு மண்ணைத் தேடாதீங்க. மண்ணு எதுன்னு பாத்துட்டுப் பயிரை முடிவு பண்ணுங்க" என்றார். மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தால் பரிசோதித்து, எந்தப் பயிருக்கு ஏற்றது என்று அட்டையில் எழுதிக் கொடுப்பார்களாம். ஆளுக்கொரு துணிப்பையும் மண் எடுக்கும் முறையை அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். தாளை மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்தேன். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. கண்ணாடியை இளஞ்சியம் எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

எனக்கு ஒரு யோசனை ஓடியது. நல்ல மண், வெங்காயத்துக்கு ஏற்றது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டால் குற்றம் மழை மேல் போய்விடும். என் மேல் நிற்காது. அவளும் வந்துவிடலாம். இரண்டும் ஒரே அட்டையில் முடிந்துவிடும்.

ஏப்ரல் 4, வெள்ளி

மண் எடுத்தேன்.

வயலில்தான் முதலில் இறங்கினேன். கடப்பாரை போட்டால் திருப்பி எகிறுகிறது. கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்ததைக் கையில் வைத்துப் பார்த்தேன். இதையா கொண்டுபோய் ஒரு அலுவலர் முன்னால் வைப்பது? பெண் பார்க்க ஆள் வந்தால் நல்ல பாயைத்தானே விரிப்போம்? கிழிந்த பாயை யாராவது எடுத்துப் போடுவார்களா?

கொல்லைக்குப் போனேன். கத்திரியும் மிளகாயும் கறிவேப்பிலையும் நிற்கிற இடம். மண்வெட்டி தானாக இறங்கியது. அரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து ஒரு பக்கமாகச் சீவினேன். பொலபொலவென்று உதிர்ந்தது, நாலு மண்புழு வேறு. பையை நிரப்பி, சீட்டில் "கிணற்று மேட்டு வயல், தனவேல்" என்று எழுதி உள்ளே போட்டேன். கொல்லைக்கும் வயலுக்கும் நடுவில் நாலு எட்டு. இரண்டுக்கும் ஒரே பட்டா. இதில் பொய் எதுவும் இல்லை.

பால்காரர் மணி அடித்ததால் குழியை மூடாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

குழியை மூட வேண்டும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அட்டை வந்துவிட்டது!

"இருமண் கலப்பு. வடிகால் நன்று. அங்ககச் சத்து மிகுதி. கார அமிலத்தன்மை நடுநிலை. வெங்காயம், கத்திரி, மிளகாய் ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது." நாலு தடவை படித்தேன். கண்ணாடி அரிசிப் பானை மேல் இருந்தது. டீக்கடையில் இரண்டு பேருக்குக் காட்டினேன். ஒருவர் "உங்க வயலா?" என்று கேட்டார். அவருக்குப் பொறாமை.

நிறைமதிக்குப் படம் எடுத்து அனுப்பி, அம்மாவுக்கும் அனுப்பச் சொன்னேன். இன்று சாம்பார் வைத்தேன், நன்றாகவே வந்தது. யாரிடம் சொல்வது?

மே 1, வியாழன்

அவளிடமிருந்து பதில் வந்தது. நிறைமதிதான் சொன்னாள். "அம்மா வேற எதுவும் சொல்லலப்பா. 'எங்க எடுத்தாராம் மண்ணு?'ன்னு மட்டும் கேட்டாங்க."

"வயல்லதான். பின்ன வானத்துலயா எடுப்பாங்க?" என்று கத்திவிட்டேன். பிள்ளை என்ன செய்யும் பாவம்.

கொல்லையும் வயல்தான்.

மே 11, ஞாயிறு

கொல்லையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். வயலுக்கு ஊற்றினால் மேலேயே நின்று வெயிலில் காய்ந்து போகும். இங்கே ஊற்ற ஊற்றக் குடிக்கிறது.

ஐந்து மணிப் பேருந்து திருப்பத்தில் ஒலி எழுப்பினால் இப்போதும் தலை தானாகத் திரும்புகிறது. அண்ணன் ஊருக்குப் போனால் அவள் அதில்தான் வருவாள். இறங்கும்போது கையில் ஒரு மஞ்சப்பை இருக்கும், தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற பெண்கள் தாய் வீட்டிலிருந்து முறுக்கு, அதிரசம் கொண்டுவருவார்கள். இவள் செம்மண் கொண்டுவருவாள். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அப்படித்தான். எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்! "உங்கண்ணன் காட்டையே பேத்து எடுத்துட்டு வந்துட்டியா? கண்டக்டர் லக்கேஜ் போடலையா?" என்பேன். "என் கறிவேப்பிலைக்கு" என்பாள், அவ்வளவுதான். சேலையைக்கூட மாற்றாமல் நேராகக் கொல்லைக்குப் போய்க் கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே வந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள்.

வயல் வேலை மட்டும் எழுதுவதாகத்தான் இருந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

அவள் அண்ணன் ஊருக்குப் போய்வந்தேன். பச்சைமலை அடிவாரம். இரண்டு பேருந்து மாற வேண்டும். மச்சானிடம் கடப்பாரை ஒன்று இரவல் வாங்கப் போவதாகக் கிளம்பினேன். ஊரில் கடப்பாரைக்குப் பஞ்சமில்லை என்பது எனக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும்.

"வாங்க மாப்ள" என்று நாற்காலியை எடுத்துப் போட்டார். மச்சான் மனைவி "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்தார். இளஞ்சியம் தண்ணீர் கொண்டுவந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். "வாங்க" என்றாள். சொம்பை வாங்கும்போது விரல் படாமல் கொடுத்தாள்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு பாத்தி. புதிதாகக் கட்டினது. கத்திரியும் மிளகாயும் நட்டிருந்தாள். யார் கட்டியது என்று கேட்க வேண்டியதில்லை. கரையை விரலால் அழுத்தி அழுத்தி அணைக்கிற பழக்கம் இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. பாத்தி ஓரத்தில் நாலு கம்பு ஊன்றிப் பந்தலும் போட்டிருந்தாள். அவரைக்கு. அவரையை ஆடியில் ஊன்றினால் தையில்தான் காய்க்கும்.

தை வரைக்கும் இங்கே இருக்கப் போகிறாள்.  கையைக் கழுவினேனா என்றுகூட நினைவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து தூணருகில் நின்றாள்.

"அட்டை பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்."

"நல்ல மண்ணுன்னு போட்டுருக்கான்."

"நல்ல மண்ணுதான்" என்றாள். என்னையே பார்த்தாள். "எங்க எடுத்தீங்க?"

"வயல்லதான்."

"சரி" என்றாள். அந்தச் 'சரி'யை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கதவைச் சாத்துவதுபோல இருந்தது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்துறீங்களா?" என்றாள்.

"ஊத்துறேன்."

கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்தில் நின்றபடியே வந்து சேர்ந்தேன்.

ஜூன் 9, திங்கள்

"வயல்லதான்" என்று சொன்னபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தூணைத்தான் பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

யாழினி மேடம் வண்டியில் வந்து இறங்கினார். என் அட்டையைப் பார்த்து அலுவலகத்தில் சந்தோஷப்பட்டார்களாம். வெங்காயத்துக்கு மாதிரி வயல் அமைக்க என் வயலைத் தேர்ந்தெடுக்கலாமா என்று பார்க்க வந்திருக்கிறார். மழை இரண்டு விழுந்திருந்ததால் வயல் இளகிக் கிடந்தது. இறங்கி நாலு அடி வைத்தார். செருப்பு ஒட்டிக்கொண்டது. குனிந்து ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் கயிறு மாதிரித் திரித்தார். உடையாமல் நீண்டுகொண்டே போனது.

"சார், இது அந்த மண்ணு இல்லையே."

நான் அவர் செருப்பில் ஒட்டின மண்ணைப் பார்த்தேன்.

"எங்க எடுத்தீங்க சார்?"

மூன்றாவது தடவையாக அதே கேள்வி. கை தானாகக் கொல்லையைக் காட்டியது. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "பாதிப் பேரு இப்படித்தான் சார். எருக்குழி ஓரம், மரத்தடி, எங்க மண்ணு நல்லா இருக்கோ அங்க எடுத்துட்டு வந்துருவாங்க. மண்ணுக்குப் பரிசா குடுக்கப்போறோம்?"

கொல்லைக்கு வந்தார். நான் தோண்டின குழி அப்படியே திறந்து கிடந்தது. உட்கார்ந்து குழியின் பக்கத்தை விரலால் சுரண்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஓடைக்கு இந்தப் பக்கம் இப்படி மண்ணு கெடையாதே. அடியில கரிசல்தான் இருக்கு. மேல அரை அடிக்குச் செம்மண்ணு கலந்து, சாம்பல், சாணம், கடலைத் தோலு எல்லாம் மக்கிப் போயிருக்கு. லாரி வச்சு அடிச்சீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இவ்வளவு செம்மண்ணு எப்படி வந்துச்சு? இப்படிக் கலக்கணும்னா வருஷக்கணக்கா யாராவது உக்காந்து செஞ்சிருக்கணுமே!"

தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் ஆணியில் ஆறேழு மஞ்சப்பைகள் மடித்துத் தொங்குகின்றன. எல்லாப் பையின் அடியும் சிவந்து கறை பிடித்திருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த ஆணிக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

மேடம் சொல்லிவிட்டுப் போனபடி இரண்டு கண்ணாடிப் பாட்டில் எடுத்தேன். ஒன்றில் வயல் மண், ஒன்றில் கொல்லை மண். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலில் வைத்தேன். வயல் பாட்டிலில் அடியில் விரல் அளவுக்குக்கூட மணல் இல்லை. மேலே முழுக்கக் களி, கலங்கல் இன்னும் தெளியவில்லை. கொல்லைப் பாட்டிலில் அடியில் சிவப்பு மணல், அதற்கு மேல் வண்டல், அதற்கு மேல் கொஞ்சம் களி. தண்ணீர் தெளிந்துவிட்டது.

வயலில் விளைவதில்லை என்று அவள் வயலோடு சண்டை போடவில்லை. வீட்டுக்குப் பின்னால் தனக்கென்று ஒரு துண்டு மண்ணை உண்டாக்கிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம், வருஷத்துக்கு மூன்று நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு பை. நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த மண்ணையே அள்ளி, என் பெயரை எழுதி, அவள் சொன்னது தப்பு என்று காட்டுவதற்கு அனுப்பியிருக்கிறேன். அவளுக்கே அதைப் படமும் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஜன்னல் முன்னால் நின்று அழுதேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜூன் 21, சனி

அந்தப் பேச்சையும் எழுதிவிடுகிறேன்.

மார்கழி முதல் வாரம். அழுகின வெங்காயத்தைப் பிடுங்கி வெளியே கொட்டக் கொழந்தையம்மாக்காவோடு சேர்த்து எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெங்காயம் ஏற்றின வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இளஞ்சியம் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அடுத்த தடவ பருத்தி போடலாங்க" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எல்லாம் உன் வாயி! நடும்போதே அழுகிப்போவும் அழுகிப்போவும்னு சொன்னியே. உன் கருநாக்குதாண்டி என் வெள்ளாமைய அழுக வச்சுது" என்று கத்தினேன். எட்டுப் பேருக்கும் கேட்டது. ஓடை வரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் கூடையைக் கொட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போனாள். பொங்கலுக்குப் பொங்கல் வைத்தாள். மாட்டுக்குப் பொட்டு வைத்தாள். என்னிடம் மட்டும் பேசவில்லை. காதுகுத்துக்குப் போனாள்.

ஜூன் 25, புதன்

மறுபடியும் மண் எடுத்தேன். இந்தத் தடவை தாளைப் படித்துவிட்டு. வயலில் குறுக்கும் மறுக்குமாகப் பத்து இடம். மேல் சருகை ஒதுக்கி, அரை அடி ஆழம் வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்தேன். பத்தையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, அரைக் கிலோ வந்ததும் நிழலில் உலர்த்தினேன். மச்சான் கடப்பாரைக்கும் வேலை வந்துவிட்டது.

உள்ளது உள்ளபடி போகட்டும்.

ஜூலை 14, திங்கள்

அட்டை வந்தது. "களிமண். வடிகால் குறைவு. சற்றுக் காரத்தன்மை. வெங்காயத்துக்கு ஏற்றதல்ல. பருத்தி, மக்காச்சோளம் நன்கு வரும்." அவள் கூடையோடு நின்று சொன்ன அதே சொல்லை இத்தனை மாதம் சுற்றி எடுத்து வந்திருக்கிறேன்.

நிறைமதி வழியாகச் சொல்லாமல் நானே போன் செய்தேன். மச்சான் மனைவி எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"நான்தான்" என்றேன்.

"சொல்லுங்க."

"அந்த மொதல் மண்ணு கொல்லையில எடுத்தது."

"தெரியும்."

"ஆடியில பருத்திதான் போடப்போறேன்."

"சரி."

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு இளஞ்சியம். எனக்கு அப்ப..."

"அத என்கிட்டத் தனியாவா சொன்னீங்க?" என்றாள். குரல் உயரவே இல்லை. "எட்டுப் பேரு முன்னாடி சொன்னீங்க. பொங்கலன்னிக்குக் கொழந்தையம்மாக்கா பேரப்புள்ளயத் தூக்கிட்டு நம்ம வாசல் வழியா வந்தாங்க. என்னையக் கண்டதும் புள்ள மொகத்த முந்தானையால மூடிக்கிட்டு அந்தாண்ட போனாங்க. நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை.

"கருநாக்குக்காரி பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டா புள்ளைக்கு ஆவாதுல்ல. அந்த ஊருல நான் எப்படிங்க நடமாடுறது?"

வைத்துவிட்டாள்.  கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அவள் இருக்க முடியாமல் போயிருக்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

உழுதாயிற்று. பருத்தி விதை வந்தாயிற்று. ஆடிப் பெருக்கன்று விதை ஊன்ற ஆள் சொல்லப் போனேன். மார்கழியில் வந்த அதே எட்டுப் பேர் வேண்டும் என்றேன். கொழந்தையம்மாக்கா, "ஏன் தம்பி, ஆறு பேரு போதுமே" என்றார். எட்டுப் பேரும் வேண்டும் என்று நின்றேன்.

ஜூலை 30, புதன்

நல்ல மழை. சொல்ல வேண்டியதை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மாடுதான் கேட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. எட்டுப் பேரும் வந்தார்கள். விதையை மடியில் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கப் போனார்கள். "கொஞ்சம் நில்லுங்க" என்றேன். நாலு விதமாகத் தயார் செய்தது ஒன்றும் வரவில்லை.

"போன மார்கழியில இங்கதான் நின்னீங்க. இளஞ்சியத்தப் பாத்து நான் ஒரு வார்த்தை சொன்னேன். நீங்க எல்லாரும் கேட்டீங்க."

 ஒருத்தி விதையைப் பார்த்தாள்.

"அவ நாக்கால எதுவும் அழுகல. இந்த மண்ணு வெங்காய மண்ணு இல்ல. அவ நடுறதுக்கு முன்னாடியே சொன்னா. கேக்காம நட்டவன் நான். என் முட்டாத்தனத்த மறைக்க அவ மேல பழியப் போட்டேன். அது பொய்யி. பொய்யச் சொன்ன எடத்துலயே சொல்லணும்னுதான் உங்களக் கூப்பிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து இரண்டாவது அட்டையை எடுத்து நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று தெரியவில்லை, அதில் இளஞ்சியத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. கொழந்தையம்மாக்கா அதை வாங்கவில்லை.  முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"நான் வேற புள்ளைய மூடிட்டேன் தம்பி" என்றார்.

அப்புறம் எல்லோரும் இறங்கி விதை ஊன்றினார்கள். வழக்கமாகப் பாட்டும் சிரிப்புமாக இருக்கும். இன்று அமைதியாகவே முடிந்தது. போகும்போது கொழந்தையம்மாக்கா திரும்பி வந்தார். "பேரனுக்கு இன்னும் சோறு ஊட்டல. மொத வாயி அவதான் ஊட்டணும்னு நான் சொன்னதாச் சொல்லு."

நான் சொல்லப் போவதில்லை. என் வாயால் போனது, என் வாயால் வரக்கூடாது. அவர்களே சொல்லிக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

பருத்தி முளைத்துவிட்டது. இடைவெளியே இல்லை. கரிசல் தனக்குப் பிடித்ததைக் கொடுத்தால் எப்படி வாங்கிக்கொள்கிறது! ஐந்து மணிப் பேருந்து நிற்காமல் போய்விட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நின்றது. கடைக்கார அம்மா இறங்கினார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கொழந்தையம்மாக்கா பேரனோடு பச்சைமலைப் பக்கம் போய்வந்ததாகக் கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று கேட்கக் கால் இரண்டு தடவை கிளம்பியது. கேட்கவில்லை. கறிவேப்பிலைக்கு இரண்டு குடம் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. நான் பேருந்து நிறுத்தத்துக்குப் போகவில்லை. மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். பேருந்து நின்ற சத்தம் கேட்டது. தலையைத் தூக்கக் கூடாது என்று இருந்தேன். வரப்பில் காலடி கேட்டபோது தூக்கினேன்.

தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

ஓடிப்போய் மஞ்சப்பையை வாங்கினேன். கை கீழே இழுத்தது. அத்தனை கனம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதை வாங்கித் தூக்கிப் பார்த்ததில்லை. 

அவள் பருத்தி வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "நல்லா மொளச்சிருக்கு" என்றாள். பிறகு, "கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள்.

"இல்ல. நெனக்கல."

வீட்டுக்குள் நுழையாமல் நேராகக் கொல்லைக்குப் போனாள். கறிவேப்பிலை இலையைத் திருப்பிப் பார்த்தாள். கத்திரியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அந்தக் குழி முன்னால் நின்றாள். ஏப்ரலில் தோண்டியது. மழையில் ஓரம் சரிந்து அகலமாகிவிட்டது.

"இங்கதான எடுத்தீங்க?"

"இங்கதான்."

"மூடக்கூட இல்ல."

"மூடத் தோணல."

பையை என் கையிலிருந்து வாங்கி, குழியில் சாய்த்தாள். செம்மண். ஆனால் வெறும் செம்மண் இல்லை. மக்கின இலையும் சாம்பலும் கலந்து, நடுவில் ஒரு கத்திரி வேர் துண்டாகக் கிடந்தது.

"இது எந்த மண்ணு?" என்றேன்.

"அண்ணன் வீட்டுப் பின்னாடி போட்டேனே பாத்தி. அதுதான்" என்றாள். "நேத்து பிரிச்சுட்டேன். பந்தல் கம்பையும் புடுங்கிக் குடுத்துட்டேன்."

இருவரும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாதிதான் நிறைந்திருந்தது. அவள் உட்கார்ந்து ஓரத்தை விரலால் அழுத்தி அழுத்தி அணைத்தாள்.

"இன்னும் ஒரு பை வேணும்" என்றாள்.

"மச்சானோட கடப்பாரை நம்மகிட்டதான் இருக்கு. திருப்பிக் குடுக்கணும்" என்றேன். "நானும் வர்றேன். நான் தூக்கிட்டு வர்றேன்."

அவள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அடுப்படிப் பக்கம் நடந்தவள் வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"சாப்பிட்டீங்களா?"